அமீர் பாய் கடைப் பலகை

பிப்ரவரி 3, சனி

புது நோட்டு. பழையது போன மாதத்தோடு முடிந்தது. எனக்குப் பிறகு யாராவது எடுத்துப் படித்தால் குழம்பக் கூடாது என்பதால் விவரத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். பெயர் தணிகாசலம். வயது எழுபத்தொன்று. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஊர் வியாசர்பாடி. டீம் வைகறை கால்பந்துக் கழகம், மூன்றாவது டிவிஷன். எட்டு டீம்களில் எட்டாவது இடம். கடைசியில் நிற்கும் டீம் அடுத்த வருடம் நான்காவது டிவிஷனுக்குப் போக வேண்டும். வைகறை அங்கே இதுவரை போனதில்லை.

இன்று 0–2. தோற்றதைவிட, தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே பைக் ஏறினார்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. வெயிலில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். ஐஸ் வாங்கித் தின்றவர்கள் அவர்கள்.

இன்னும் நான்கு ஆட்டம். ஏழாவது இடத்தில் இருக்கும் தங்கசாலை ராக்கெட்ஸ் எங்களைவிட இரண்டு புள்ளிதான் மேலே. அவர்களோடுதான் கடைசி ஆட்டம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பலகை எழுதினேன்.

மைதானத்து வாசலில் அமீர் பாய் டீக்கடை. அதன் சுவரில் கரும்பலகை. முப்பத்தோரு வருடமாக, ஆட்டம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு அதை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எழுதுகிறேன். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க், பக்கத்தில் ஒரே வரியில் அவன் குறை. விதி இரண்டுதான். என்னைத் தவிர யாரும் அழிக்கக் கூடாது. பொய் எழுதக் கூடாது. இதுவரை இரண்டையும் யாரும் மீறியதில்லை, நான் உட்பட.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தைக் கப்பலில் வந்த மூட்டைகளையும் பெட்டிகளையும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எண்பத்தெட்டில் வின்ச் கயிறு வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. மிச்ச மூன்று விரலால் எழுதுவதால் என் எழுத்து எல்லாம் இடப்பக்கம் சாயும். சாய்ந்தாலும் தப்பு இருக்காது.

இன்று எழுதியது: ‘ஜெயசீலன், கோல் கீப்பர், 4. தரையோடு இடப்பக்கம் வரும் பந்துக்கு ஒரு கணம் பிந்தி விழுகிறான். விஜி, லெப்ட் பேக், 3. அறுபது நிமிடத்துக்குப் பிறகு முன்னால் ஓடுகிறான், திரும்பி ஓடுவதில்லை.’ மற்றவர்களுக்கும் அப்படியே.

ஜெயசீலன் தண்ணீர் கேன் போடுகிறவன். மூன்று சக்கர மீன்பாடி வண்டியை நிறுத்திவிட்டுப் படித்தான்.

“நாலா நைனா? போன வாரம் அஞ்சு குட்த்த.”

போன வாரம் ஒரு கோல்தானே விட்டாய் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டான். இதையெல்லாம் ஊருக்கே காட்டாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் ஆகாதா என்று கேட்டான். நாலு பேர் பார்த்தால்தான் வெட்கம் வரும், வெட்கம் வந்தால்தான் ஆட்டம் வரும் என்றேன். விஜி பலகைப் பக்கமே திரும்பாமல் போனான். அவன் உருப்பட மாட்டான்.

பிப்ரவரி 5, திங்கள்

ரேஷன் கடையில் பருப்பு இல்லை. நாளை வரச் சொன்னார்கள்.

பலகைக்கு எதிரே ஹெல்மெட்டோடு ஒருவன் நின்று, ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தான். பெயர் கருணாகரன். பெரம்பூர்ப் பக்கம் விளையாட்டுச் சாமான் கடையாம், லீகில் பல டீம்களுக்கு அவன்தான் பந்தும் ஜெர்சியும் கொடுக்கிறானாம். “ஐயா, கோச்சுங்க சொல்லாததையெல்லாம் நீங்க எழுதியிருக்கீங்க. போட்டோ எடுத்துக்கலாமா?” என்றான். இத்தனை வருடத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள். காலரைச் சரிசெய்துகொண்டு நானும் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன்.

என் பெண்டாட்டி சுலோச்சனாவிடம் சொன்னேன். “அவனாவது படிக்கிறானே” என்றாள். அதில் என்ன கிண்டல் இருந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 10, சனி

1–3. இரண்டு கோல் தரையோடு, ஜெயசீலனுக்கு இடப்பக்கம். மூன்றாவது அறுபத்தைந்தாவது நிமிடத்தில், விஜி விட்டுப்போன இடத்தின் வழியாக.

நான் எழுதியது எழுதியபடி நடந்தது. எழுதி ஒரு வாரம் கண் முன்னால் தொங்கவிட்டேன். ஒருவனாவது திருத்திக்கொண்டானா? படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. என்னை மதிக்காதவர்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பலகை. ஜெயசீலன் 3. விஜி 2. கேப்டன் சம்பத் 4, ‘வலது கணுக்காலில் வலி, மறைக்கிறான், அந்தக் காலை ஊன்றித் திரும்புவதில்லை.’ இளங்கோ 5, ‘கார்னர் வரும்போது தன் ஆளை விட்டுவிட்டுப் பந்தைப் பார்க்கிறான்.’

பிப்ரவரி 12, திங்கள்

கருணாகரன் வந்தான். படம் எடுத்தான், டீ வாங்கிக் கொடுத்தான். பலகையில் இடமில்லாமல் விட்டதையும் அவனுக்கு விளக்கிச் சொன்னேன். அரை மணி நேரம். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். நம் பையன்களிடம் அரை நிமிடம் இப்படிப் பேச முடியுமா?

பிப்ரவரி 14, புதன்

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் வரிசை. தண்ணீர்க் குழாயில் வாஷர் மாற்றினேன்.

பிப்ரவரி 17, சனி

0–3.

இது சாதாரணத் தோல்வி இல்லை. முதல் நிமிடத்திலிருந்தே சம்பத்தை வலது காலில் திரும்பும்படி விரட்டினார்கள். கார்னர் எல்லாம் இளங்கோ நின்ற இடத்துக்கே வந்தது. ஜெயசீலனுக்கு இடப்பக்கமாகவே தரையில் அடித்தார்கள். முன்பின் நம்மோடு ஆடாத டீமுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவன்தான் சொல்லியிருக்க முடியும்.

ஆட்டம் முடிந்ததும் பார்த்தேன். எதிர் டீமின் ஒன்பதாம் நம்பர்க்காரன், நமக்கு இரண்டு கோல் போட்டவன், ஜெயசீலன் தோளில் கை போட்டு நிற்கிறான். ஒரே பாட்டிலில் இருவரும் தண்ணீர் குடிக்கிறார்கள். விசாரித்தேன். அவன் ஜெயசீலனுக்கு அக்கா புருஷன்.

அந்தப் பையன் பன்னிரண்டு வயதில் இந்த மைதானத்துக்கு வந்தபோது, கையுறை இல்லாமல் நின்றவனுக்கு என் துறைமுகக் கையுறையைக் கொடுத்தவன் நான். அது அவனுக்கு நினைவிருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

எழுதினேன். பயப்படாமல் எழுதினேன்.

‘நம் குறை எல்லாம் எதிர் டீமுக்குத் தெரிகிறது. உள்ளே இருந்து ஒருவன் சொல்கிறான். கோலில் நிற்பவனே கதவைத் திறந்துவிட்டான். ஜெயசீலன், 0.’

கோச் பெஞ்சமின் வந்து, கண்ணால் பார்க்காததை எழுதாதீர்கள் என்றார். பாட்டிலைக் கண்ணால்தான் பார்த்தேன் என்றேன். அமீர் பாய் டீயை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். ஜெயசீலன் வண்டியோடு வந்தான், படித்தான், போனான். பலகையில் கை வைக்கவில்லை. சத்தம் போடவில்லை. குற்றமில்லாதவன் சத்தம் போட்டிருப்பான்.

பிப்ரவரி 19, திங்கள்

ஜெயசீலனின் அம்மா எஸ்தர் எங்கள் தெருவில் கார்ப்பரேஷன் துப்புரவு வேலை செய்கிறாள். காலை ஏழு மணிக்குத் துடைப்பத்தோடு பலகை முன்னால் வந்து நின்றாள். நான் பெஞ்சில் இருந்தேன்.

“நான் படிச்சவ இல்லண்ணா. பெருக்கச் சொல்லோ இத படிக்கிறவன் எல்லாம் திரும்பி என் மூஞ்சியப் பாக்குறான். அப்பதான் என்னமோ எழுதிக்கிறன்னு தெரிஞ்சுது. எம் புள்ள பேரு எந்த வரில கீது?”

நான் சொல்லவில்லை. அமீர் பாய் கை காட்டினார். அவள் முந்தானையைச் சுருட்டி அந்த வரிகளை மட்டும் துடைத்தாள். மற்றவர்கள் வரியில் கை படவில்லை.

“ராத்திரி சோறு துன்னல அவன். நாலு எழுத்து தெரிஞ்சா நீ யார வேணா இன்னா வேணா சொல்லுவியா?”

முப்பத்தோரு வருடத்தில் பலகையில் கை வைத்த முதல் ஆள். அவள் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்து, அதே வரிகளை அதே இடத்தில் மறுபடி எழுதினேன். இன்னும் கொஞ்சம் பெரிதாக.

பத்து மணிக்குக் கருணாகரன் வந்து படம் எடுத்துக்கொண்டு போனான்.

பிப்ரவரி 22, வியாழன்

ஜெயசீலன் பயிற்சிக்கு வரவில்லையாம். வர முகம் இருக்காது.

சுலோச்சனா மூன்று நாளாக என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை. சொன்னால் வேறு பேச்சு வளரும். சாப்பிட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24, சனி

0–4. ஜெயசீலனுக்குப் பதில் நின்றவன் பந்தைக் கண்டு கண்ணை மூடுகிறான்.

நம் பக்கத்து நிழலில் எனக்கு யாரும் இடம் விடவில்லை. பதினைந்து பேர் இருந்தார்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஒருவரும் நகரவில்லை. சரி என்று எதிர்ப்பக்கம் போய், அவர்கள் டீமின் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஹாஃப் டைமில் அவர்கள் கோச் பையன்களைச் சுற்றி நிறுத்தி, போனைக் காட்டிப் பேசினான். ஏதோ வீடியோ என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

கருப்பாக ஒரு படம். அதில் வெள்ளை எழுத்து. எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

இரண்டாம் பாதியை நான் பார்க்கவில்லை. 0–4 என்பது கேட்டுத் தெரிந்துகொண்டது.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆட்டத்துக்கு மறுநாள் பலகை எழுதாதது இதுவே முதல் தடவை. பாய் கேட்டார். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்றேன். பெட்டியில் முக்கால்வாசி இருக்கிறது.

இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். நான்காம் தேதி இடப்பக்கத் தரைப்பந்து என்று எழுதியிருக்கிறேன். பத்தாம் தேதி இரண்டு கோல் இடப்பக்கத் தரைப்பந்தில். பதினோராம் தேதி சம்பத்தின் கணுக்கால். பதினேழாம் தேதி சம்பத்தின் கணுக்கால். நடக்கப் போவது எனக்கு முன்கூட்டியே தெரிகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர் டீமுக்குச் சொன்னவன் ஒருவன் இருக்கிறான் என்று எழுதியது சரி. அவன் பெயரைத்தான் தப்பாக எழுதினேன்.

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. சுலோச்சனாவிடம் மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 26, திங்கள்

கருணாகரன் வெறும் பலகையைப் பார்த்துப் பதறிவிட்டான். உடம்பு சரியில்லையா என்று கேட்டான். இந்தப் படத்தையெல்லாம் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். “லீக் கோச்சுங்க வாட்ஸ்அப் குரூப்புல போடுவேன் ஐயா. நாப்பது பேரு இருக்காங்க. காலைலேருந்து எல்லாரும் உங்க பலகை எங்கன்னு கேக்குறாங்க.” சந்தோஷமாகச் சொன்னான். அந்தக் குரூப்பில் பெஞ்சமின் இருக்கிறாரா என்றேன். அவரிடம் பட்டன் போன்தான் ஐயா என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். அவன் சட்டையைப் பிடிக்கக் கை எழுந்தது. ஆனால் அவன் முதல் நாளே கேட்டுக்கொண்டுதான் எடுத்தான். காலரைச் சரிசெய்துகொண்டு நின்றது நான். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஜெயசீலன் வீட்டுக்குப் போனேன். எஸ்தர் வாசலில் இருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள்.

ஒரு கேன் தண்ணீர் வேண்டும், நாளைக்குப் போடச் சொல் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, புதன்

“நாம காச்சிதான குடிக்கிறோம், கேன் எதுக்கு?” என்று சுலோச்சனா கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜெயசீலன் தோளில் கேனோடு வந்தான். ஸ்டாண்ட் எங்கே என்றான். எங்கள் வீட்டில் ஸ்டாண்ட் இல்லை. கேனைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினான். நான் தொண்டையைச் செருமினேன். இருபது டன் இரும்பை ஒரு கையசைவில் இறக்கியவன் நான், ஒரு வாக்கியத்தை இறக்க முடியவில்லை.

சுலோச்சனா முந்திக்கொண்டாள்.

“நீ யாருக்கும் சொல்லலடா சீலா. இந்தாளு எழுதறத ஒருத்தன் போட்டோ புடிச்சி கோச்சுங்க குரூப்புல போடுறான், அத பாத்துதான் எல்லா டீமும் கோல் போட்டுக்கிறான். இவருக்கு ஞாயித்துக்கெழமையே தெரியும். உங்கிட்ட சொல்ல வாய் வரல.”

நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள். வீட்டுக்குள் சொன்னதை வாசலில் போட்டு உடைத்துவிட்டாள். அவளும் என்னை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது.

ஜெயசீலன் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். என் கையைப் பார்த்தான். பிறகு கேட்டான், ராக்கெட்ஸ் கோச்சும் அந்தக் குரூப்பில் இருக்கிறாரா என்று. இருப்பான் என்றேன்.

“அப்ப ஒண்ணு எழுது நைனா. சீலனுக்கு ஒசரத்துல வர்ற பந்து புடிக்க வராது, கோல விட்டு வெளிய வரவே பயப்படுவான்னு எழுது.”

ஊருக்கே தெரியும், அவன் உயரப் பந்தில்தான் ராஜா. கூட்டத்துக்கு மேலே எழுந்து பறித்துவிடுவான். பலகையில் நான் பொய் எழுத மாட்டேன் என்றேன். டீம் நான்காவது டிவிஷனுக்கு அல்ல, கடலுக்கே போனாலும் எழுத மாட்டேன் என்றேன்.

அவன் எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பினான்.

“என்னப் பத்தி எழுதுனது மட்டும் நெசமா நைனா?”

கேன் தண்ணீருக்கு ஒரு வாசனை இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. குடித்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

நேற்று ஆட்டம் இல்லை. ராக்கெட்ஸும் தோற்றுக்கொண்டே வந்ததால் இன்னும் இரண்டு புள்ளிதான் மேலே, அடுத்த சனி அவர்களை ஜெயித்தால் தப்பிக்கலாம். பயிற்சி ஆட்டத்தைப் பார்த்ததாக வைத்து எழுதினேன். ஈரம் காய்ந்த பிறகும் அரை மணி நேரம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

‘ஜெயசீலன் திரும்பி வந்திருக்கிறான், 2. உயரப் பந்து பிடிக்க வராது. கோலை விட்டு வெளியே வரப் பயப்படுகிறான்.’

பொய். முழுப் பொய். எழுத்தில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

ஜெயசீலன், சுலோச்சனா, நான் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. விஜி படித்துவிட்டு, ஜெயசீலன் அம்மா வந்து துடைத்தும் இந்தக் கிழத்துக்குப் புத்தி வரவில்லையே என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னான். பெஞ்சமின் என்னைத் தாண்டிப் போனார், தலையசைக்கவில்லை. ஜெயசீலன் வண்டியை நிறுத்தி, “ரெண்டு மார்க்தானா?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டுப் போனான். நன்றாக நடித்தான். நடிப்பாக மட்டும் இருந்திருக்காது.

மார்ச் 4, திங்கள்

கருணாகரன் வந்தான். காய்ச்சல் தேவலையா என்றான். படம் எடுத்தான். நான் பக்கத்தில் நிற்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

ரேஷனில் பருப்பு கிடைத்தது. பாதி கல்.

மார்ச் 9, சனி

இன்று கடைசி ஆட்டம்.

நம் பக்கத்து நிழலில் இன்றும் இடம் இல்லை. கோலுக்குப் பின்னால் வெயிலில் நின்றேன். ராக்கெட்ஸ் முதல் நிமிடத்திலிருந்தே பந்தை மேலே தூக்கினார்கள். இரண்டு ஓரத்திலிருந்தும் மாற்றி மாற்றி உயரமாக உள்ளே அனுப்பினார்கள். ஜெயசீலன் ஒவ்வொன்றையும் மாடியில் காயும் துணியை எடுப்பதுபோல எடுத்தான். எண்ணினேன், பதினேழு. தரையோடு இடப்பக்கம் ஒருவனும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் போயிருக்கும், அந்தக் குறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மேலே தூக்கு, மேலே தூக்கு என்று தங்கள் கோச் கத்தக் கத்த, படித்ததை விடாமல் செய்தார்கள். என் எழுத்தை இவ்வளவு நம்புகிறவர்கள் எதிர்ப்பக்கம்தான் இருக்கிறார்கள்.

எண்பத்தொன்றாவது நிமிடம் விஜி முன்னால் ஓடினான். திரும்பி வாடா என்று நான்தான் கத்தினேன். திரும்பவில்லை. அங்கேயே நின்றதால் பந்து அவன் காலுக்கு வந்தது. 1–0.

மூன்றாவது டிவிஷனிலேயே இருக்கிறோம்.

எல்லோரும் ஜெயசீலனைத் தூக்கினார்கள். என் பக்கம் யாரும் வரவில்லை. “பெருசு, இப்ப சொல்லு, ஒசரத்துல வர்றது புடிக்க வராதா?” என்று விஜி தூரத்திலிருந்து கேட்டான். கூட்டம் சிரித்தது. ஜெயசீலன் தோள்களின் மேலிருந்து என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கப் போனான். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அதை அவன் சொல்லக் கூடாது.

மார்ச் 10, ஞாயிறு

விடிந்ததும் போனேன். இரண்டு முறை துடைத்தேன்.

மேலே மார்க். குறை எதுவும் எழுதவில்லை. குறைகளை ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்து, பெயர் போட்டு, பாயிடம் கொடுத்திருக்கிறேன். அவரவர் சீட்டை அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டியது. விஜி சீட்டு இரண்டு பக்கம். ஜெயசீலனுக்குப் பலகையில் 8. எழுபதாவது நிமிடம் கோல் கிக்கை நேராக எதிரி காலில் கொடுத்தான், அதற்கு இரண்டு குறைத்தேன். குறைக்காமல் இருக்க முடியாது.

கீழே மிச்சமிருந்த இடத்தில் வேறு ஒன்று எழுதினேன். எழுதி முடிக்கும்போது பின்னால் பெருக்கும் சத்தம் நின்றது. எஸ்தர்.

“எம் புள்ள பேரு கீதாண்ணா?”

இருக்கிறது என்றேன்.

“படிச்சிக் காட்டு.”

பாய் பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வெளியே வந்தார். டீ குடிக்க வந்த ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். விஜி இருந்தான். எழுதுவது வேறு, வாய்விட்டுப் படிப்பது வேறு என்று எனக்கு இத்தனை வயதில் இன்றுதான் தெரிந்தது. படித்தேன்.

‘இந்தப் பலகையில் முப்பத்தோரு வருடத்தில் இரண்டு பொய் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று பிப்ரவரி 18, இன்னொன்று மார்ச் 3. இரண்டும் ஜெயசீலனைப் பற்றியவை. நம் குறைகளை மற்ற டீம்களுக்குக் காட்டிக்கொடுத்தது இந்தப் பலகைதான். எழுதியவன் தணிகாசலம், 0.’

எஸ்தர் பலகையைப் பார்த்தாள். முந்தானையை எடுத்தாள். துடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள்.

மார்ச் 11, திங்கள்

கருணாகரன் வந்தான். படித்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி படித்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

எடு என்றேன். நாற்பது பேருக்கும் அனுப்பு என்றேன். அவன் தயங்கினான். நான் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். காலரைத் தொடவில்லை.